அரை டிராயர் சண்டை

பேடன் பவலின் ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ 1908-ல் ஆறு பாகங்களாக வந்தது. பாகம் நாலு பென்னி. (பி.காம். படித்தவனுக்கு விலைதான் முதலில் கண்ணில் படும்.) அந்த மூலத்துக்கே திரும்பணும் என்று ஒரு கோஷ்டி பிரிட்டனில் இருக்கிறது. 1966-ல் சாரணர் தலைமை ஒரு சீர்திருத்த அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருஷமே பெயரிலிருந்து ‘பாய்’ போச்சு, அரை டிராயர் போச்சு, பெரிய பையன்களுக்கான ரோவர் பிரிவும் போச்சு. கோபித்துக்கொண்டவர்கள் 1970-ல் பேடன் பவல் பெயரிலேயே தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

சரி, எந்த மூலம்? ரோவர் பிரிவே 1918-ல்தான் வந்தது. முதல் புத்தகத்தில் அது கிடையாது! காலடித் தடம் பார்ப்பது, முடிச்சுப் போடுவது, மூக்கால் மூச்சு விடுவது எல்லாம் இருக்கிறது. கூடவே, சாம்ராஜ்யத்தைக் காக்கத் தயாராயிரு என்ற உபதேசமும். அதற்குமா திரும்புவது? பேடன் பவலே வருஷத்துக்கு வருஷம் எதையாவது சேர்த்துக்கொண்டு போன ஆசாமி.

கோஷ்டியிடம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 1907-ல் பிரௌன்சீ தீவு முகாமில் 20 சொச்சம் பையன்கள், நாலு அணி. ஈட்டன், ஹாரோவில் படித்த கனவான் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் கலந்திருந்தார்கள். அணித் தலைவனும் ஒரு பையன்தான், வாத்தியார் இல்லை. அதற்குத் திரும்பலாம் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால், இவர்கள் சண்டையில் டிராயருக்குத்தானே முதல் இடம்!