சம்பளம் மதிப்பூதியமாகும் இடம்

தொண்டு நிறுவனங்களின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டவை, மாணவிகள் கைபேசியில் அனுப்பியவை, செய்தித்தாளில் வெட்டியெடுத்தவை என ஒரு கோப்பே நிறைந்துவிட்டது. வேலை தேடுகிறவர்கள் மட்டுமே இவற்றை வாசிக்கிறார்கள். விமர்சகர்கள் கவிதையை வாசிப்பார்கள், சினிமாவைப் பிரித்துப் பார்ப்பார்கள்; இந்த ஒரு பக்க அறிவிப்பை யாரும் சீண்டுவதில்லை. படித்து முடித்து வெளியே வரும் இளம்பெண்களின் வாழ்க்கையை ஒரு நாவலைவிட நேரடியாகத் தொடுகிற எழுத்து இது. அதனால் இதை ஒரு பிரதியாகவே வைத்து வாசிக்க விரும்புகிறேன்.

முதலில் கண்ணில் படுவது சொற்களின் படிக்கட்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே அறிவிப்பில் திட்ட மேலாளருக்குச் சம்பளம், ஒருங்கிணைப்பாளருக்குத் தொகுப்பூதியம், கிராமத்தில் வீடு வீடாகப் போகிற களப்பணியாளருக்கு மதிப்பூதியம், அவருக்கும் கீழே இருக்கும் தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை. கீழே இறங்க இறங்கப் பணம் குறைவது எல்லா நிறுவனங்களிலும் நடப்பதுதான். இங்கே பணத்தின் பெயரும் மாறுகிறது. சம்பளம் என்றால் கேட்கலாம், சண்டை போடலாம், உயர்த்தச் சொல்லலாம். மதிப்பூதியம் என்றால் யாரோ நம்மை மதித்துக் கொடுத்தது. கூடக் கேட்டால் மரியாதை கெட்டவளாகிவிடுவோம். ஊக்கத்தொகை என்றால் வேலை ஏற்கெனவே மனமுவந்து செய்யப்படுகிறது, பணம் ஒரு தட்டிக்கொடுப்பு மட்டுமே. இந்தப் படிக்கட்டின் மேற்படிகளில் ஆண்களும் பெண்களும் கலந்திருப்பார்கள். கடைசி இரண்டு படிகளில் பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள்.

இரண்டாவது, தகுதிகள் என்ற பகுதி. 'சேவை மனப்பான்மை' தவறாமல் இருக்கும். அடுத்த வரியில் சொந்தமாக இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் கேட்கப்படும். 'பெண்கள் விண்ணப்பிக்க ஊக்குவிக்கப்படுகிறார்கள்' என்பது அடிக்குறிப்பாக வரும். நம் வீடுகளில் வண்டி யார் பெயரில் இருக்கிறது, காலையில் அதை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதை அறிவிப்பு எழுதியவர் யோசித்திருக்கமாட்டார். நாள் முழுக்கக் களத்தில் இருக்கும் பெண் எந்தக் கழிவறைக்குப் போவாள் என்பதைச் சொல்லும் அறிவிப்பு ஒன்றுகூட என் கோப்பில் இல்லை.

இதெல்லாம் பழைய பாணித் தொண்டு நிறுவனங்களின் கோளாறு, அறிவியல்பூர்வமாக இயங்கும் புதிய நிறுவனங்கள் வேறு மாதிரி என்று சில மாணவிகள் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடலாம். கடந்த இருபது வருடங்களில் தொண்டு உலகில் ஒரு புதிய கேள்வி வலுப்பெற்றிருக்கிறது: கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு நன்மை நடக்கிறது? 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜே-பால் ஆய்வகம் இக்கேள்வியைக் களச் சோதனைகளாக மாற்றியது. அதன் தெற்காசியப் பிரிவு சென்னையில் வேரூன்றியது. 2007இல் தொடங்கிய கிவ்வெல், எந்த அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தால் அதிக உயிர்கள் காப்பாற்றப்படும் என்று கணக்குப் போட்டு நன்கொடையாளர்களுக்குச் சொல்கிறது. 2019இல் எஸ்தர் டூஃப்லோ, அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் மூவரும் பொருளாதார நோபல் பெற்றார்கள். அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் டூஃப்லோ.

இந்த அளவிடும் வழக்கத்தை நான் எதிர்க்கவில்லை. நமக்கு அது உதவியும் இருக்கிறது. குறுங்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். பங்களாதேஷின் கிராமீன் வங்கியும் முகமது யூனுஸும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது, கடன் கொடுத்தால் பெண் விடுதலையடைவாள் என்பது உலகமே ஒப்புக்கொண்ட வேதவாக்காக இருந்தது. 2010இல் ஆந்திரத்தில் வசூல் நெருக்கடி முற்றி, தற்கொலைச் செய்திகள் வந்து, மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2015இல் இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளியாகின. குறுங்கடன் சிலருக்குச் சிறு அளவில் பயன்படுகிறது, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப் போடுவதில்லை என்பதே அவற்றின் சாரம். ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வில், வீட்டில் பெண்ணின் அதிகாரம் கூடியதற்கான அடையாளம் தெரியவில்லை. வாரத் தவணை கட்டிய பெண்கள் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எண்கள் உறுதிசெய்தன. அளந்து பார்த்ததால் ஒரு பொய் உடைந்தது.

எண்கள் யாருடைய வாழ்க்கையை மாதிரியாக வைத்துப் போடப்படுகின்றன என்பதில்தான் எனக்குச் சிக்கல். இதே சிந்தனை வட்டத்தில், 2011இல் ஆக்ஸ்ஃபோர்டில், நல்லது செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு வேலை ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் பெயர் '80,000 மணிநேரம்'. வாரத்துக்கு 40 மணிநேரம், வருடத்துக்கு 50 வாரம், 40 வருடம், பெருக்கினால் 80,000. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் வேலைக்குச் செலவிடும் நேரம் இது, இதை உலகுக்கு அதிகப் பயன் தரும் வேலையில் செலவிடுங்கள் என்பது அதன் அறிவுரை.

இந்தப் பெருக்கலை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். அப்படிச் செய்கிறவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். சமையலறைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் 365 நாளாலேயே பெருக்குகிறேன். 16 வயதிலிருந்து 60 வயது வரை 44 வருடம். விடை 80,032 மணிநேரம்.

அதாவது அந்த அமைப்பு ஒரு முழு வாழ்நாளின் வேலை என்று சொல்வதை நம் பெண்கள் அடுப்படியிலேயே ஒருமுறை முடித்துவிடுகிறார்கள். குழந்தையையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அந்த ஆய்வு அதைத் தனியாகக் கணக்கிட்டது. எனவே 'உன் 80,000 மணிநேரத்தை எதற்குக் கொடுப்பாய்?' என்று அறிவிப்பு கேட்கும்போது, தன் துணியை வேறொருவர் துவைக்கும் ஒரு ஆளையே அது மனதில் வைத்திருக்கிறது. குழந்தை பெற்று மூன்று வருடம் வீட்டிலிருந்த பெண்ணின் விண்ணப்பத்தில் அந்த மூன்று வருடம் 'இடைவெளி' என்று பெயர் பெறுகிறது. அவளது இரண்டாவது 80,000 மணிநேரத்தின் ஒரு பகுதி அது என்று எந்தத் தேர்வுக் குழுவும் குறித்துக்கொள்வதில்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவு சில ஆயிரம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். நல்ல திட்டம் என்றால் குறைந்த செலவில் அதிகப் பயன். மருந்தின் விலை, கொசுவலையின் விலை, போக்குவரத்து எல்லாம் செலவில் சேரும். ஆனால் அந்த மருந்தை வீட்டு வாசல்வரை கொண்டுபோகும் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுத்தால் திட்டத்தின் மதிப்பெண் கூடும். நியாயமாகக் கொடுத்தால் குறையும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படி அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலிவான பெண் உழைப்பு இந்தக் கணக்கில் சிக்கனம் என்று பதிவாகிறது, நியாயமான சம்பளம் விரயம் என்று பதிவாகிறது.

ஆஷா பணியாளர்களைப் பாருங்கள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஏற்பாடு இது. ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். திட்ட ஆவணங்களில் அவர்கள் தன்னார்வலர்கள். செய்யும் வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை. வழக்கமான பணிகளுக்கு மத்திய அரசு கொடுத்த மாதத் தொகை 2018இல் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தபோது அதுவே பெரிய செய்தியாக இருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்தது. படங்கள் வந்தன, பாராட்டுகள் வந்தன. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷாக்கள் மதிப்பூதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்தக் கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். ஐம்பதாவது நாளில் சிலர் தலைமுடியை வெட்டிப்போட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். 'தலைவர்கள்' என்று விருது வாங்கியவர்களை 'தொழிலாளர்கள்' என்று ஒப்புக்கொள்ளவைக்க இவ்வளவு தேவைப்படுகிறது.

சொல் மாறினால் வாழ்க்கை மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் சட்டப்படி ஊதியமே என்று கூறி, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் 'காலமுறை ஊதியம்' என்ற இரண்டு சொற்களுக்காக எத்தனை வருடம் தெருவில் நின்றிருக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

தொண்டு நிறுவன வேலையில் பெண்ணின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பன்வாரி தேவியை மறக்கக்கூடாது. ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் 'சாத்தின்', அதாவது தோழி. ஊழியர் என்ற பெயர் அவருக்கு இல்லை. ஒரு கைக்குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றது அவருடைய வேலையின் பகுதி. அதற்காகவே 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வேலைக்கு அவரை அனுப்பியவர்கள் முதலாளிக்குரிய பொறுப்பை ஏற்கவில்லை. இந்தக் கோபத்திலிருந்து பிறந்த விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களைத் தந்தது; 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பணியிடம் என்பதற்குள் அறக்கட்டளையும் தன்னார்வத் தொண்டு நிறுவனமும் அடங்கும். ஊழியர் என்பதற்குள் ஊதியம் பெறாதவரும் தன்னார்வலரும் அடங்குவார்கள். நிறுவனங்கள் கொடுக்க மறுக்கும் பெயரை இந்த ஒரு இடத்திலாவது சட்டம் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்தது ஒரு மதிப்பூதியப் பெண்ணின் போராட்டம்.

ஆனால் உள் புகார்க் குழு, பேறுகால விடுப்பு, குழந்தைகள் காப்பகம், இரவில் திரும்பிவர வாகனம் ஆகியவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். நன்கொடையாளர் மொழியில் இவை 'நிர்வாகச் செலவு'. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று நம்பும் வழக்கம் பழையது. 2020இல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு நிதியில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய பங்கு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகச் சுருங்கியது. இப்படி நெருக்கும்போது, எதிர்த்துப் பேசாதவர்களின் வசதிகளே முதலில் வெட்டப்படும்.

இதையெல்லாம் சொல்லி இந்த வேலைகளுக்குப் போகாதீர்கள் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து போனவர்களில் பலருக்கு முதல் சம்பளமும், தனியாக ஊர் சுற்றும் உரிமையும், திருமணத்தைத் தள்ளிப்போடும் காரணமும் இந்த வேலைகளே கொடுத்தன. தடுப்பூசி போட்ட குழந்தை பிழைக்கிறது, அதில் சந்தேகமில்லை. நல்ல வேலை என்பதாலேயே அதை நல்ல விதமாகச் செய்ய வழிவேண்டும் என்கிறேன்.

ஆகவே அடுத்த அறிவிப்பு கைக்கு வரும்போது ஒரு பென்சிலோடு வாசியுங்கள். பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அடிக்கோடிடுங்கள். நேர்முகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: பணி நியமனக் கடிதம் உண்டா? வருங்கால வைப்பு நிதி பிடிப்பீர்களா? பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிறார்களே, உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள்? திட்ட நிதி நின்றால் பேறுகால விடுப்பில் இருப்பவருக்கு என்ன ஆகும்? பெட்ரோல் செலவு யாருடையது? ஐந்து வருடத்துக்கு முன் களப்பணியில் சேர்ந்த பெண் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்?

நீங்கள் மேலாளராகப் போனால், உங்களுக்குக் கீழே மதிப்பூதியம் வாங்கும் பெண்ணுக்காகவும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். ஓர் உயிரைக் காக்கும் செலவில் அவளுடைய பேருந்துக் கட்டணமும், மழையில் நனைந்த நாளின் காய்ச்சலும், அறுபது வயதுக்குப் பிறகான சாப்பாடும் சேரும்போது அந்தத் தொகை கொஞ்சம் உயரும். அந்த உயர்ந்த தொகையே உண்மையான செலவு. இத்தனை நாள் மிச்சத்தை அவள் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தாள்.