கதை ஓர் அமானிதம்

நாடகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். அவர்களை நாம் குறைகூற முற்படவில்லை. மேடைகளில் அவர்கள் கண்டவை அத்தகையன. எனினும் அப்பாசு நாடகமும், அலி பாதுஷா நாடகமும், சீதக்காதி நொண்டி நாடகமும் நம் இலக்கியக் கருவூலத்தில் இருப்பவையே என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. இவற்றுள் நொண்டி நாடகம் தனித்த கவனத்திற்கு உரியது. களவுக்குப் போய்ப் பிடிபட்டு உறுப்பிழந்த ஒருவன் சபையின் முன் வந்து நின்று, தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே சொல்லும் கூத்து அது. அரசன் கதையன்று, வீரன் கதையுமன்று. தவறிழைத்துத் தண்டனையும் பெற்ற சாமானியன் ஒருவனின் சொந்தக் கதை. முடிவில் அவன் மக்கா சென்று இழந்ததைத் திரும்பப் பெறுகிறான். கேட்பதற்கு ஒரு சபை இருந்தால் ஒருவனுடைய ஊனம் ஆறும் என்று அந்தப் புலவர் கருதினாரோ இல்லையோ, நமக்கு அவ்வாறு கருதத் தோன்றுகிறது.

இந்த நினைவை எழுப்பியது அண்மையில் காவிரிக் கடைமடைப் பகுதியில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி. பிளேபேக் தியேட்டர் என்று அதனைச் சொல்கிறார்கள். நம் காதுக்கு இப்பெயர் முதலில் சினிமாப் பின்னணிப் பாடகரையே நினைவூட்டும். அங்கே நடிகர் வாயசைக்க, பாட்டு வேறொருவர் தொண்டையிலிருந்து வருகிறது. இங்கே கதை சபையில் அமர்ந்திருப்பவருடையது. அதற்கு உடல் கொடுப்பவர் நடிகர். முன்னதாக எழுதிய நாடகம் இல்லை, ஒத்திகை இல்லை. மேடையோரத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நெறியாளர் இருப்பார். மற்றொன்று வெறுமையாகக் கிடக்கும். சபையிலிருந்து யாரேனும் எழுந்துவந்து அதில் அமர்ந்து, தமக்கு வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லலாம். தம்மைப் போல் நடிக்க வேண்டியவர் யார் என்பதையும் அவரே காட்டுவார். நடிகர்கள் தமக்குள் கலந்து பேசாமல், சில வண்ணத் துணிகளையும் ஓர் இசைஞரையும் துணையாகக் கொண்டு, கேட்ட மாத்திரத்தில் அதனை நடித்துக் காட்டுவர். முடிந்ததும் கதை சொன்னவரை நோக்கி நிற்பர். ‘இப்படித்தானா?’ என்று நெறியாளர் கேட்பார்.

1975இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஜோனதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் ஆகியோரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிவைத்த முறை இது. ஃபாக்ஸ் இளமையில் நேப்பாளத்தில் தொண்டராகப் பணிபுரிந்தவர். வாய்மொழிக் கதை மரபுகளில் ஈடுபாடு மிக்கவர். 1920களில் வியன்னா நகரில் எழுதாத நாடகங்களை நடத்திப் பின்னர் உளநாடகம் என்னும் சிகிச்சை முறையை வகுத்த மொரேனோவின் கல்வியையும் அவர் பெற்றிருந்தார். இன்று பல நாடுகளில் இதற்குக் குழுக்கள் உண்டு. சென்னையில் சிரில் அலெக்சாண்டரின் ஸ்டெர்லிங் குழு இவ்வரங்கை நடத்திவந்துள்ளது. வரலாறு இவ்வளவு போதும்.

நாம் கண்டது கடலோரச் சிற்றூர் ஒன்றின் திருமண மண்டபத்தில். வந்திருந்தது வெளியூர் இளைஞர் குழு. ஊரின் பெயரையும் குழுவின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அன்று இரண்டு கதைகள் நம் மனத்தில் தைத்தன. முதற்கதையை அதற்குரிய அம்மையாரின் இசைவு பெற்று எழுதுகிறோம்.

வயது எழுபதை நெருங்கும் அவர் வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் வந்தமர்ந்தபோது, பெண்கள் பகுதியில் சிரிப்பொலி எழுந்தது. அவர் கணவர் சபுராளி. 1980களில் சவூதியில் இருந்தார். அக்காலத்தில் நம் ஊர்களில் கடிதத்தோடு கேசட்டும் வரும் என்பதை வயதானவர்கள் அறிவர். ஊருக்கு வந்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கேசட்டை வீடே கூடியிருந்து கேட்டது. அத்தாவுக்குச் சலாம், அம்மாவுக்குச் சலாம், தங்கைகளுக்குத் தனித்தனியே விசாரிப்பு, கடைசியில் மனைவிக்கு, ‘நீயும் நல்லா இரு’ என்று மூன்றே சொல். கூடத்தில் எல்லோரும் கேட்பர் என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? இரவில் எல்லோரும் உறங்கிய பின் தாம் மட்டும் அதனை மீண்டும் போட்டுக் கேட்டதாக அம்மையார் சொன்னார்.

நடிகர்கள் எழுந்தனர். அம்மையாராக நடித்த பெண் டேப்ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நீல நிறத் துணி கடலாயிற்று. புல்லாங்குழல் உருகியது. சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். திறமையான நடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நெறியாளர் வழக்கமான வினாவைக் கேட்டதும் அம்மையார் தலையசைத்து மறுத்தார்.

“இல்ல தம்பி. நான் அழுவல. கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.”

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று நெறியாளர் கேட்டார். ஒன்றுமில்லை. பேச்சே கிடையாது. ஒரு மின்விசிறி ஓடும் ஓசை மட்டும் கேட்டதாம். அவர் பேசி முடித்த பின்னரும் நாடாவைத் திருப்பிப்போட்டு ஓடவிட்டிருக்கிறார். அது தீரும்வரை உட்கார்ந்து கேட்டதாக அம்மையார் சொன்னார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

குழு மீண்டும் நடித்தது. இம்முறை நடிகை அசையாமல் அமர்ந்திருந்தார். அவரிடமிருந்து எட்ட, முதுகைக் காட்டியபடி ஒருவர் நின்றார். இசைஞர் புல்லாங்குழலைக் கீழே வைத்துவிட்டுப் பறையின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டினார். இரண்டு நிமிடம் இருக்கும். மண்டபத்தில் குழந்தைகள்கூட வாய்திறக்கவில்லை. நாடகம் பார்த்துப் பழகிய நாம் இப்படியொரு மேடையமைதியை அரிதாகவே கண்டிருக்கிறோம். அம்மையார் ‘ம்’ என்றார். எழுந்து தம் இடத்துக்குச் சென்றார்.

முதல் நடிப்பில் நேர்ந்த பிழை என்ன? ஹதீஸ் கலையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு செய்தியை அறிவிக்கும் ராவியின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவித்துருவி ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். கேட்டதற்குமேல் தம் சொல்லைக் கலந்துவிட்டவரின் அறிவிப்பை அவர் எத்துணைப் பக்திமானாயினும் ஏற்க மறுத்தனர். நடிகனும் ஒருவகை ராவியே. அவன் நாவால் அறிவிப்பதில்லை, உடலால் அறிவிக்கிறான் என்பது வேறுபாடு. உடலால் அறிவிப்போன் எதையேனும் சேர்க்காமலும் இருக்க முடியாது. கையை எங்கே வைப்பது என்பதே ஒரு சேர்க்கைதான். அந்தச் சேர்க்கை கதையை விளக்குவதற்கா, கைதட்டலுக்கா என்று பார்த்தல் வேண்டும். பிரிந்த மனைவி என்றால் அழுவாள் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த அம்மையார் அல்லர். நூறு திரைப்படங்கள். பறையின் தோலைச் சுரண்டியதும் ஒரு சேர்க்கையே. ஆனால் அது கேட்டதிலிருந்து பிறந்தது.

மஜ்லிஸில் பேசப்படுவது அமானிதம் என்று சிறுவயதிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அமானிதமாக ஒப்படைத்த பொருளைச் சீர்செய்து மெருகேற்றித் திருப்பிக் கொடுத்தாலும், அது கொடுத்த பொருள் அன்று.

இனி இரண்டாவது கதை. இதனை நாம் இங்கே எழுத மாட்டோம். சொன்னவரிடம் இசைவு கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. ஆகவே கதையை விட்டு, அதனைச் சபை வாங்கிக்கொண்ட விதத்தை மட்டும் சொல்லுகிறோம்.

அவர் விவசாயக் கூலித் தொழிலாளி. மண்டபத்தின் பின்புறம் தூணோரம் நின்றிருந்தார். நாற்காலிக்கு வருமாறு நெறியாளர் மும்முறை அழைத்தும் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தொடங்கியது பேச்சு. பிறகு, புயலுக்குப் பின் நடந்த ஒன்றைத் தொட்டது. அங்கே ஒரு பெயர் வரவேண்டியிருந்தது. பேச்சு நின்றது. “யார் அது? சொல்லுங்கள், இங்கே எல்லாம் பாதுகாப்பு” என்றார் நெறியாளர், மிகுந்த கனிவோடு. முதல் வரிசையில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதை அவர் அறியார். மண்டபத்தில் மற்றெல்லோரும் அறிவர். தொழிலாளி சுருக்கமாக முடித்துக்கொண்டார். நடிகர்கள் மீசை முறுக்கும் பண்ணையார் ஒருவரைக் காட்டினர். ‘இப்படித்தானா?’ என்ற வினா எழுந்தது. “சரிதாங்க” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். குழுவினர் அதனை நிறைவின் அடையாளமாகக் கொண்டனர் போலும். அடுத்த கதைக்குச் சென்றனர்.

தஞ்சை மண்ணில் பிறந்த எவருக்கும் அந்தச் ‘சரிதாங்க’ இன்னதென்று விளங்கும். அது உடன்பாடு அன்று. பேச்சை முடித்துக்கொள்ளும் வழி. கூலி குறைந்தபோதும், அளந்த மரக்கால் குறைந்தபோதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த சொல் அது. இவ்வரங்கின் தருக்கம் முழுவதும், சொன்னவர் ‘ஆம்’ என்று ஒப்புவதில் தங்கியிருக்கிறது. மேடையில் நிற்பவரை மறுத்துப் பேசுவது மரியாதைக்குறைவு என்று வளர்க்கப்பட்ட நாட்டில் அந்த ‘ஆம்’ எதற்குச் சான்றாகும்? அம்மையாரால் ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தது. அவர் முன்னே அமர்ந்திருந்தவர்கள் அவருடைய உறவினர். தூணோரம் நின்றவருக்கு அந்த வசதி இல்லை.

இப்பகுதியில் கதை சொல்வது எளிய செயலாக என்றும் இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றுக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். நெற்கூலியை உயர்த்திக் கேட்டதில் மூண்ட பகை அது. தப்பியவர்கள் நீதிமன்றத்தில் கதையைச் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் தண்டனை கிடைத்தது. உயர்நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. காரும் செல்வாக்கும் உடைய மிராசுதார்கள் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பர் என்று நம்ப அந்த மன்றத்துக்கு இயலவில்லை. பின்னர் இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். அந்நாவல் வலிமையான ஆக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூலிப் போரின் கதை அதில் நிலக்கிழார் ஒருவரின் ஆண்மைக் குறையை நோக்கித் திரும்பிவிட்டது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ என்னும் ஆவணப்படம் 2005இல் வந்தபோதுதான், தப்பியவர்கள் தம் முகத்தோடும் தம் மொழியிலும் பேசக் கண்டோம். இடையில் ஓடியவை முப்பத்தாறு ஆண்டுகள்.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, சாட்சியம் கேட்காமல், குறுக்கு விசாரணை செய்யாமல், சொன்னதைச் சொன்னபடி ஏற்றுக்கொள்ளும் ஓர் அரங்கு இங்கே வந்திருப்பது சிறிய செய்தியன்று. எளியவர் வாழ்க்கையும் நடிக்கத்தக்கதே என்று அது சொல்கிறது. இதனை மனமார வரவேற்கிறோம். நாம் குறைகாண்பது கொள்கையில் அன்று, அவசரத்தில். மாலையில் வேனில் வந்து இறங்கி, இரவு பத்து மணிக்கு வேனில் ஏறிச் செல்வோர், முன் வரிசையில் இருப்பவர் யாரென்று எவ்வாறு அறிவர்? 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கரைக்கு நல்லெண்ணத்தோடு வந்தவர் பலர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரே தாயிடம் ஒரே கதையைப் புதிது புதிதாக வந்தவர்கள் கேட்டுச் சென்றதை நாம் கண்டோம். கேட்டவர்கள் எல்லோரும் மனம் கசிந்தார்கள். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் சொல்லும் வேலை மிஞ்சியது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போரினால் விளைந்த உளக்காயங்களைக் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ போன்ற நாடகங்களில் மேடையேற்றினார். அதில் பங்குகொண்டவர்கள் அதே குண்டு வீச்சின் கீழ் வாழ்ந்தவர்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை அவர்களுக்கு யாரும் பயிற்றுவிக்க வேண்டியிருக்கவில்லை. அது எழுதிய நாடகம். இவ்வரங்கு அவ்வாறன்று என்பது உண்மையே. ஆயினும் எழுதாத நாடகத்துக்குத்தான் மண்ணறிவு கூடுதலாக வேண்டும். கையில் ஏடு இல்லாதவன் எதனைப் பற்றிக்கொண்டு நடிப்பான்?

நிகழ்ச்சி முடிந்தபின் நெறியாளரோடு பேசினோம். முப்பது வயதிருக்கும், அடக்கமானவர். இரண்டாவது கதையைப் பற்றி நாம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “அப்படியென்றால் அவரிடம் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?” என்றார். பேச்சு நின்ற இடத்தில் தாமும் நின்றிருக்கலாம் என்றோம். அந்த நிறுத்தத்தையே நடித்திருக்கலாம். பெயர் சொல்லாத மௌனத்தைக் காட்ட அவர்களிடம் ஆளும் இருந்தது, அம்மையாரின் கதையில் அதனைக் காட்டியும் இருந்தனர். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். குறுவை அறுப்புக்குப் பின் மீண்டும் வர எண்ணியிருப்பதாகவும், அப்போது நாற்காலியை எங்கே போடலாம் என்றும் கேட்டார். மண்டபத்தில் வேண்டா, அவருடைய தெருவில் போடுங்கள். ஒரு வாரம் முன்னதாகவே வந்து தங்குங்கள் என்றோம். தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார். கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.