கொடிதாங்கி என்னும் படைக்கலம்

படைக்கலத்தைப் பாடுவது புலவர்க்குப் புதிதன்று. வாளையும் வேலையும் போற்றிய கவிதைகள் அரபியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. நம் முன்னோர் 'படைப்போர்' என்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழுக்கு அளித்தனர். ஆயினும் அப்பாடல்கள் அனைத்திலும் கருவியைப் பற்றிய கை ஒன்று உண்டு. புகழ் வாளுக்குச் செல்வது போலத் தோன்றினும் முடிவில் கைக்கே சென்று சேரும், பழியும் அவ்வாறே. பற்றிய கை கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவி பாட்டுக்குப் பொருளாகுமாயின், அப்புகழும் பழியும் யாரைச் சென்று சேரும்? இதனையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

2022ஆம் ஆண்டில் உருசியப் படைகள் உக்ரைனுள் புகுந்த சில நாள்களில், தாராஸ் போரோவோக் என்னும் உக்ரைன் நாட்டுப் படைவீரர் ஒரு பாடலை இயற்றிப் பாடினார். அதன் தலைப்பு 'பைரக்தார்'. துருக்கியில் செய்யப்பெற்ற ஆளில்லா விமானம் ஒன்றின் பெயர் அது. பாடல் நாடெங்கும் பரவிற்று. கீவ் நகர விலங்குக் காட்சிசாலையில் பிறந்த லெமூர்க் குட்டி ஒன்றுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. லித்துவேனிய நாட்டு மக்கள் சில நாள்களுக்குள் ஏறத்தாழ 50 இலட்சம் யூரோ திரட்டி, அவ்விமானம் ஒன்றை உக்ரைனுக்கு வாங்கித்தர முன்வந்தனர். செய்த நிறுவனமோ விலை பெறாமலே அதனை அளித்தது.

இவை தொலைவில் நிகழ்ந்தவை. நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வானிலிருந்து எடுத்த சாம்பல் நிறப் படம். நடுவே ஒரு குறுக்குக் குறி. அதன் கீழ் ஒரு வண்டி. ஒரு நொடியில் வெண்புகை. "நம்மவர்கள் செய்தது, ஹஜ்ரத்!" என்றார் அவர். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் பிறர் குண்டுகளுக்குக் கீழேயே நின்ற ஒரு சமுதாயத்தின் பிள்ளை அவர். ஆயினும் 'நம்மவர்கள்' என்ற அச்சொல் நம் உள்ளத்தை உறுத்திற்று. இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு நாம் தரும் மறுமொழியே.

முதலில் பெயரைக் காண்போம். 'பைரக்' என்பது துருக்கி மொழியில் கொடி. 'தார்' என்பது பாரசீக விகுதி. உடையவர், தாங்குபவர் எனப் பொருள்படும். ஜமீன்தார், தாசில்தார், சுபேதார் என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களின் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஆக, பைரக்தார் என்பார் கொடிதாங்கி. அது அந்நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் பெயருமாகும். ஓஸ்டெமிர் பைரக்தார் என்பவர் 1984ஆம் ஆண்டில் மோட்டார் வாகன உறுப்புகள் செய்யத் தொடங்கியதே பைகார் நிறுவனம். அமெரிக்காவில் பொறியியல் பயின்று திரும்பிய அவருடைய மகன் செல்சுக் பைரக்தாரே விமானங்களின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். 2016இல் அவர் அதிபர் எர்டோகனின் மகளை மணந்தார். தொழிலும் அரசும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இத்தொழிலின் பிறப்பில் நியாயம் இருந்தது என்பதை மறைத்தல் அறமாகாது. 1974இல் சைப்ரசில் துருக்கிப் படை இறங்கியதை அடுத்து, 1975 பிப்ரவரியில் அமெரிக்கா துருக்கிக்கு ஆயுதம் தருவதைத் தடை செய்தது. அத்தடை 1978வரை நீடித்தது. பிறர் கதவை அடைத்தால் தன் படை செயலற்றுப்போகும் என்பதை அந்நாடு அன்று உணர்ந்தது. 1975இலேயே அசெல்சான் என்னும் மின்னணுக் கருவி நிறுவனமும், 1988இல் ரோக்கெட்சான் என்னும் ஏவுகணை நிறுவனமும் எழுந்தன. பின்னர் ஆயுதந் தாங்கிய ஆளில்லா விமானங்களை அமெரிக்கா விற்க முன்வராதபோது, அவற்றையும் தாமே செய்யத் துணிந்தனர். 'பைரக்தார் டிபி2' 2014இல் துருக்கிப் படையில் சேர்ந்தது. நீளம் 6.5 மீட்டர், இறக்கை விரிவு 12 மீட்டர், எடை ஏறத்தாழ 700 கிலோ. ஒரு நாள் முழுதும் வானில் வட்டமிடும் ஆற்றல் உடையது. பெருநாடுகளின் போர் விமானத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய பறவை, விலையும் குறைவு. குறைந்த விலையே அதன் பெருவெற்றிக்குக் காரணம்.

2002இல் துருக்கியின் படைத்தளவாட ஏற்றுமதி ஏறத்தாழ 24.8 கோடி டாலர். 2024இல் அது 710 கோடி டாலரைக் கடந்தது. பைகாரின் வருவாயில் பெரும்பகுதி ஏற்றுமதியால் வருவதே. டிபி2 மட்டும் 30க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்கப்பட்டுள்ளது. தற்காப்புக்காகத் தோன்றிய பட்டறை சந்தையாக மாறியது இவ்வாறே. நம் ஆய்வும் இம்மாற்றத்தைப் பற்றியதே, தற்காப்பைப் பற்றியதன்று.

இனி, 'நம்மவர்கள்' என்ற சொல்லுக்கு வருவோம். அவ்விமானத்தின் கண் நெடுங்காலம் கனடாவில் செய்யப்பட்ட படக்கருவியாய் இருந்தது. நெஞ்சம் ஆஸ்திரிய நிறுவனத்தின் எந்திரமாய் இருந்தது. 2020இல் அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் கராபாக்கில் 44 நாள்கள் நடந்த போரில் அது பயன்பட்டது கண்டு கனடா படக்கருவியை நிறுத்திற்று. அசெல்சான் தன் கருவியை அவ்விடத்தில் பொருத்தியது. அதே போரில் அஜர்பைஜானின் பக்கம் துருக்கிய விமானத்தோடு இஸ்ரேலில் செய்த 'ஹாரப்' என்னும் வெடிவிமானமும் பறந்தது. மாணவர் காட்டிய படம் போன்ற படங்கள் பெருகியது அப்போரின்போதுதான். அவற்றுள் எது துருக்கியின் தாக்குதல், எது இஸ்ரேலின் தாக்குதல் என்று நம் இளைஞர் எவரேனும் பிரித்தறிந்து மகிழ்ந்தாரா? சந்தைக்கு மதமில்லை, படத்திற்கோ முகமும் இல்லை.

லிபியாவில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. 2019இலும் 2020இலும் திரிப்போலி அரசுக்காகத் துருக்கியின் டிபி2 பறந்தது. ஹஃப்தரின் படைக்காக அமீரகம் அளித்த சீன விமானங்கள் பறந்தன. அந்நாட்டிற்கு ஆயுதம் அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகள் அவை 2011இலேயே விதித்திருந்தது. தலைநகர் வீழாமல் காக்கப்பட்டது என்பது ஒரு பக்கத்தாரின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் வானில் இருந்த இரு பறவைகளும் முஸ்லிம் நாடுகள் அனுப்பியவை. கீழே இருந்தவர் இரு பக்கத்தாரும் ஒரே திசை நோக்கித் தொழுபவர். இதில் 'நம்மவர்' யார்?

மொழியறிந்தோர் உற்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவ்விமானம் சுமக்கும் குண்டின் பெயர் 'மாம்-எல்'. 22 கிலோ எடையுள்ளது. லேசர் ஒளியைப் பின்தொடர்ந்து சென்று தாக்குவது. 'மாம்' என்பது 'மினி அக்கிள்ளி முஹிம்மாத்' என்பதன் சுருக்கம். 'அக்கிள்ளி' என்பதில் நிற்பது நம் அரபுச் சொல்லாகிய 'அக்ல்'. அறிவுடைய சிறு வெடிகலம் என்பது பொருள். அக்ல் என்னும் சொல் நம் கல்வியில் எளிய சொல்லன்று. அக்ல் இருக்குமிடத்தில்தான் தக்லீஃப், அதாவது கடமைப் பொறுப்பு உண்டு. குழந்தைக்கும் சித்தம் கலங்கியவருக்கும் அப்பொறுப்பு இல்லை என்பது முதல் வகுப்பிலேயே நாம் ஓதும் பாடம். அவ்வாறிருக்க, இரும்புக்கு அக்ல் உண்டு என்று பெயரிட்டவர்கள், அதன் பொறுப்பை யார்மீது ஏற்றினர்? குண்டு அறிவுடையது என்றதும் ஏவியவரின் அறிவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பெயர் செய்யும் மாயம் இதுவே.

அந்த அறிவு சென்று விழுந்த இடங்கள் சிலவற்றைக் காண்போம். 2022 ஜனவரி 7. எத்தியோப்பியக் கிறித்தவர்க்கு அந்நாள் கிறிஸ்து பிறந்த திருநாள். திக்ரே பகுதியில் தெதெபித் என்னும் ஊரின் பள்ளிக்கூட வளாகத்தில், போரினால் வீடிழந்தோர் தங்கியிருந்தனர். அவ்விரவில் வானிலிருந்து குண்டு விழுந்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளில் கிடைத்த துண்டுகளை ஆராய்ந்தோர், அவை மாம்-எல் குண்டின் துண்டுகள் எனக் கண்டனர். ஓரிறைக்குப் பணிந்த நஜ்ஜாஷி மன்னர், மக்காவில் துன்புற்று ஓடிவந்த நம் முன்னோர்க்கு அடைக்கலம் தந்த அபிசீனிய மண்ணே அது. அடைக்கலம் தேடியோர் மீது அம்மண்ணிலேயே 'அறிவுடைய' குண்டு விழுந்தது.

2022இல் டிபி2 விமானங்களைப் பெற்றது புர்கினா ஃபாசோ. 2023 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அந்நாட்டுப் படை நடத்திய மூன்று ஆளில்லா விமானத் தாக்குதல்களில் குறைந்தது 60 பொதுமக்கள் மாண்டனர் என மனித உரிமைக் கண்காணிப்பகம் எழுதியுள்ளது. ஒன்று மக்கள் கூடிய சந்தையில்; மற்றொன்று இறந்தவரை அடக்கம் செய்யக் கூடியிருந்தோர் மீது. அண்டை நாடான மாலியும் 2022இல் துருக்கியிடமிருந்து அவ்விமானங்களை வாங்கியது. 2024 மார்ச் 17, ரமளான் மாதத்தின் முதற்பகுதி. மாலிப் படையின் ஆளில்லா விமானத் தாக்குதல்களில் அமஸ்ரகாத் என்னும் ஊரில் குறைந்தது 13 பொதுமக்கள் மாண்டனர். அவருள் எழுவர் சிறார் என அம்னெஸ்டி அமைப்பு அறிவித்தது. இவர்களுக்காக எவரும் பாட்டு எழுதவில்லை. இவர்கள் மாண்ட காட்சி எந்தக் கைப்பேசிக்கும் பெருமிதத்தோடு வந்து சேரவில்லை. புகழ்ப்பாடல் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதை விட்டுவிடுகிறது என்பதையும் எடைபோடுவதே திறனாய்வாளன் கடமை.

வலிமையை ஆயத்தப்படுத்துவது பற்றி அன்ஃபால் அத்தியாயத்தில் வரும் வசனத்தைச் சிலர் எடுத்துக் காட்டுவர். ஆம், அவ்வசனம் உண்டு. அதனை அடுத்த வசனம் சமாதானத்தின் பக்கம் சாய்வதைப் பற்றியது என்பதை அவர்கள் ஓதாமல் விடுவது ஏன்? மேலும், ஆயத்தம் வேறு, வாணிபம் வேறு. இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் வணிகப் பகுதியில், ஃபித்னாக் காலத்தில் ஆயுதம் விற்பது பற்றித் தனித் தலைப்பே வைத்துள்ளார்கள். உள்நாட்டுக் கலகக் காலத்தில் அவ்விற்பனையை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்தார்கள் என்பதை அத்தலைப்பிலேயே பொறித்துள்ளார்கள். ஹனஃபி ஃபிக்ஹு நூலார் இதனை இன்னும் நுணுகி ஆய்ந்தனர். கலகத்தாரிடம் வாளை விற்பது வேறு, வாளாக மாறக்கூடிய இரும்பை விற்பது வேறு என்று பிரித்தனர். கனடாவின் படக்கருவி இரும்பா, வாளா? அறிஞர் இன்று விவாதிக்கத்தக்க வினா இது. ஆனால் குண்டு பொருத்திய விமானம் வாளே என்பதில் ஐயமில்லை. லிபியா, எத்தியோப்பியா, மாலி, புர்கினா ஃபாசோ ஆகிய நான்கிடத்தும் நடந்தவை ஒரே நாட்டு மக்களிடையே மூண்ட கலகங்கள். அமெரிக்காவும் சீனாவும் விற்கவில்லையா எனக் கேட்கலாம். விற்கின்றன, மிகுதியாகவே விற்கின்றன. அவர்கள் கணக்கை அவர்கள் கொடுப்பர். அதைக் காட்டி நம் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இயலாது.

முடிவாக, கொடிதாங்கி என்ற பெயருக்கே மீள்வோம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் முஅத்தா களத்தில் முஸ்லிம் படையின் கொடியை ஸைத் (ரலி) தாங்கினார்கள். அவர்கள் வீழ்ந்ததும் ஜஃபர் (ரலி), பின்னர் கவிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி). மூவரும் அக்களத்திலேயே ஷஹீதாயினர். கொடிதாங்கியின் இடம் முன்னணி. எதிரியின் அம்பு முதலில் தேடுவது அவனையே. அவன் கையோ கொடியால் நிறைந்திருக்கும். ஜஃபர் (ரலி) அவர்களின் வலக்கை வெட்டுண்டது. பின்னர் இடக்கையும் வெட்டுண்டது. அப்போதும் கொடியை மார்போடு அணைத்தார்கள். அக்கைகளுக்கு ஈடாக இறைவன் இரு சிறகுகளை அளித்தான் எனும் நற்செய்தியால், அவர்கள் 'ஜஃபர் தய்யார்', பறப்பவர் ஜஃபர், எனப் பெயர் பெற்றார்கள்.

இன்றைய அரபியில் 'தய்யார்' என்றால் விமானி. ஆளில்லா விமானத்திற்கு அம்மொழியில் வழங்கும் பெயர் 'தாயிரா பிதூனி தய்யார்': தய்யார் இல்லாத பறவை. செய்தித்தாளில் இச்சொல்லைப் படிக்குந்தோறும் நாம் ஒரு கணம் நின்றுவிடுகின்றோம். கொடிதாங்கி எனப் பெயர். ஆனால் தய்யார் இல்லை. சிறகு உண்டு, அச்சிறகுக்காக வெட்டுண்ட கை இல்லை. ஏவியவர் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கிறார். விற்றவர் அதனினும் தொலைவில்.

அம்மாணவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் அவர்கள் திறமையைப் பாராட்டவே கூடாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நேர்மையான வினா. பாராட்டலாம் என்றோம். தடையை மீறிக் கற்றுத் தேர்ந்த பொறியாளரின் அறிவு பாராட்டுக்குரியதே. ஆனால் அடுத்த முறை அத்தகைய படம் கைக்கு வந்தால், வெண்புகை எழுந்ததும் படத்தை மூடிவிட வேண்டாம். அந்த வண்டியில் யார் இருந்தார் என்று கேளுங்கள் என்றோம். விடை தெரியும்வரை அதனைப் பிறருக்கு அனுப்பாதிருப்பது, அக்ல் உடைய நமக்கு உள்ள குறைந்தபட்சக் கடமை.