பாட்டுக்குப் பெயர் ஏது?

தமிழ்ப் பாட்டுக்குத் தலைப்புக் கிடையாது. குறையாக இதைச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்லுகிறேன். இங்கிலீஷ்காரன் ஒரு பாட்டு எழுதினால் அதற்குத் தனியாக ஒரு பெயரும் சூட்டிவிட்டுத்தான் பேனாவை மூடுவான். நம்மவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. பாட்டு எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிறதோ அதுதான் அதன் பெயர். ஆத்திசூடி என்கிறோம், கொன்றைவேந்தன் என்கிறோம். இரண்டும் அந்நூல்களின் கடவுள் வாழ்த்தில் முதலில் வந்து விழுகிற சொற்கள். மதுரகவியாழ்வாரின் பதிகத்துக்குக் கண்ணிநுண்சிறுத்தாம்பு என்று பெயர் வந்ததும் இப்படித்தான். எங்கள் ஜில்லாவுக்குப் பெருமை தேடித்தந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் பாடியது திருப்பல்லாண்டு. அதன் முதற் சொல்லே பல்லாண்டுதான். பழைய பதிப்புகளின் பின்பக்கத்தில் பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று ஒன்று இருக்கும். பாட்டைத் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டியை இதுவரை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா வாயைத் திறந்து பாட ஆரம்பித்தபோதும் இந்த வழக்கம் மாறவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும், இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்திலும் பல்லவியின் முதல் வரியே பெயராக நின்றது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திப் பிறகு தொலைக்காட்சிக்கும் வந்த 'பாட்டுக்குப் பாட்டு' இந்த வழக்கத்தின் மேல் கட்டிய விளையாட்டுத்தான். ஓர் எழுத்தைச் சொன்னால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டு வரவேண்டும். எழுத்துத்தான் கதவு.

இவ்வளவு பீடிகை எதற்கென்றால், சிவகாசியில் கரோக்கி பாடும் நண்பர்கள் சிலர் தங்கள் பாட்டுப் பட்டியலை என்னிடம் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்கள், ஒரு பல் டாக்டர் என்று கலந்த கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி, கம்ப்யூட்டரில் வாத்திய இசையை மட்டும் ஓடவிட்டு, அதன்மேல் தாங்கள் பாடி மகிழ்கிறார்கள். "அண்ணாச்சி, பாட்டுப் பேரெல்லாம் தாறுமாறாக் கெடக்கு. ஒரு தடவை கண்ணை ஓட்டிக் குடுங்க" என்றார் அவர்களில் இளையவர். நானும் சரி என்றேன்.

கரோக்கி என்பது ஜப்பான் சொல். 'கரா' என்றால் வெற்று. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லை அவர்கள் தங்கள் வாய்க்குத் தக்கபடி வெட்டிக்கொண்டது. ஆள் இல்லாத வாத்தியக் கோஷ்டி. 1971-ல் கோபே நகரத்தில் இனோவே டைசுகே என்ற வாத்தியக்காரர் இதற்கு ஒரு பெட்டி செய்தார். உரிமைப் பதிவு செய்துகொள்ளாமல் விட்டார். ஊரெல்லாம் பணம் பண்ணியது, அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக இங்கே டீக்கடைப் பெஞ்சு கூடச் சொல்லும். குட்டி ஜப்பானுக்குப் பெரிய ஜப்பானின் பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்ததில் பொருத்தம் இருக்கிறது.

பட்டியலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, அதில் தமிழ் எழுத்தே அபூர்வம் என்பது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். ஒரே சங்கடம். கே, ஏ, எல், ஏ, ஐ என்ற ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு கலை, காலை, களை, காளை, கழை என்ற ஐந்தில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அதிகாலைப் பாட்டுக்கும் ஜல்லிக்கட்டுப் பாட்டுக்கும் வேற்றுமை இல்லை. சகரத்தில் தொடங்கும் பாட்டுகளில் பாதி 'எஸ்'ஸின் கீழும் பாதி 'சி'யின் கீழும் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஈகாரத்தில் தொடங்குவது சிலர் கையில் 'இ'க்குப் போயிற்று, சிலர் கையில் 'ஐ'க்கு. பழக்கரத்தை எழுதுவதில் ஆளுக்கொரு கொள்கை. ஒரே பாட்டு நாலு இடத்தில் நாலு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாலில் எது நல்ல ஒலிப்பதிவு என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு முறையான வழி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோதே, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மேலே கோடு, கீழே புள்ளி என்று குறியிட்டுத் துல்லியமான ரோமன் எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் எழுத்தின் கீழே புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பாரா? புள்ளி வேண்டாம், கோடும் வேண்டாம். தமிழைத் தமிழிலேயே எழுதிவிடலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது என்ற சாக்கு என்றைக்கோ செத்துப்போயிற்று. யூனிகோடில் தமிழ் ஏறியது 1991-ல்.

தமிழில் எழுதியிருந்த சில பாட்டுகளிலும் வேறொரு விபரீதம் இருந்தது. 1953-ல் ஜெமினியார் எடுத்து, கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'அவ்வையார்' படம் இந்தப் பட்டியலில் மூன்று படமாக இருந்தது. ஒருவர் 'அவ்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஔகாரத்தை ஒரே எழுத்தாகப் போட்டிருந்தார். மூன்றாமவர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஔகாரம் மாதிரி காட்டியிருந்தார். பிந்திய இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. இயந்திரத்துக்கு வேறு வேறு. கொம்பும் காலும் வரும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளிலும் இந்தச் சூது உண்டு. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக உள்ளே போடலாம்; இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கொள் என்று கற்றுக்கொடுக்காத இயந்திரத்தில் தேடினால், இருக்கிற பாட்டை இல்லை என்று சொல்லிவிடும். நல்ல வேளை, இந்தப் பிழைகளை ஒரே கட்டளையில் மொத்தமாகச் சரி செய்துவிட முடியுமாம். அதை அந்த இளைஞரே செய்தார். எனக்கு அந்த வித்தை தெரியாது.

பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த குப்பை வேறு. 'ஹெச்.டி.', 'சூப்பர் குவாலிட்டி', 'லேடீஸ் ஸ்கேல்', 'சிவாஜி சோகம்' என்றெல்லாம் வால்கள். இவற்றில் ஸ்கேலைத் தவிர மற்றதை வெட்டிவிடலாம் என்றேன். ஸ்கேல் பாடுகிறவருக்கு வேண்டும். அதற்கு ஒரு தனிக் கட்டம் கொடுத்தால் போயிற்று.

வெட்டுவதில் இவ்வளவு தாராளமாக இருந்த நான் ஓர் இடத்தில் முரண்டு பிடித்தேன். எனக்கு முன்னால் இந்தப் பட்டியலைத் தொட்டவர் ஓய்வுபெற்ற ஒரு புரூப் ரீடர். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாட்காட்டி, டயரி என்று தாளுக்கே பேர்போன ஊரில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். மனிதர் சந்திப் பிழைகளைத் திருத்தினார். அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பாட்டில் 'வெத்தலை' என்று இருந்தால் 'வெற்றிலை' ஆக்கினார். 'போறான்' என்பதைப் 'போகிறான்' ஆக்கினார். இலக்கணம் பிழைத்தது, தாளம் செத்தது. கிராமத்துப் பெண் பாடுகிற பாட்டைப் பண்டிதர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அதைத் தேடி வருகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எழுதியவன் தெரியாமல் எழுதிய பிழை அல்ல அது. தெரிந்தே எழுதிய பேச்சு. என் கதைகளில் வரும் பேச்சையும் இப்படிக் கழுவிவிட்ட புரூப் ரீடர்களை நான் அறிவேன். அந்த வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

பல்லவிக்கு முன்னால் தொகையறா வருகிற பாட்டுகள் இன்னொரு தலைவலி. கேட்கிறவர் மனத்தில் முதலில் பதிவது தொகையறா. இசைத்தட்டு சொல்வது பல்லவி. சில பாட்டுகள் வெறும் ஆலாபனையில் தொடங்குகின்றன. அவற்றை ஆகாரத்தில் வரிசைப்படுத்தியிருந்த ஒரு புண்ணியவானின் நேர்மையை நான் பாராட்டத்தான் வேண்டும். பல்லவிதான் பெயர், தொகையறா துணைப்பெயர் என்று முடிவு செய்தோம்.

துணைப்பெயர் என்ற இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பயர் ஆபீசில் பாக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட வந்தார். நல்ல குரல். "பாட்டுப் பேரு சொல்லுங்கக்கா" என்று பையன் கேட்டான்.

"பேரெல்லாம் எனக்கு எங்கய்யா தெரியும்? அந்தப் பிள்ளை கெணத்தடியில உக்காந்து அழுதுக்கிட்டே பாடுமே, அது."

கைபேசியை அவர் கையில் கொடுத்து நீங்களே பாருங்கள் என்றான். அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல தமிழே இல்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சரணத்தை முணுமுணுத்துக் காட்டினார். அந்த அறையில் இருந்த பத்துப் பேருக்கும் பாட்டுத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை.

பட்டியலைச் சுத்தம் செய்கிறவர்கள் பிழையையும் மறுபெயரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைத்தான் நான் கண்டிக்கிறேன். எழுத்து மாறி விழுந்தது பிழை, அதைத் திருத்து. 'கெணத்தடிப் பாட்டு' என்பது பிழை அல்ல. ஜனங்கள் வைத்த பெயர். அதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வை. சிவகாசிக்காரர் விஸ்வநாத தாஸ் வெள்ளைக்காரனைக் கொக்காக்கி மேடையில் பாடினாரே, அந்தப் பாட்டை இன்றைக்கும் கொக்குப் பாட்டு என்றால்தான் ஊருக்குப் புரியும். அவர் 1940-ல் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிரை விட்டார். இந்த வட்டாரத்துக்காரர்கள் பெயர் விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-ல் உயிரைக் கொடுத்த சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது விருதுநகரில்தானே? பெயர் சட்டப்படி வந்து சேர 1969 ஆயிற்று.

கடைசியாக ஒரு கட்டம். பட்டியலில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒரு பாட்டுக்கு டி. எம். சௌந்தரராஜன் என்றிருக்கிறது, அடுத்த பாட்டுக்கு, அதையும் பாடியவர் அவரேயாக இருக்க, எம். ஜி. ஆர். என்றிருக்கிறது. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' போன்ற படங்களில் இந்தத் தகராறு இல்லை. பாகவதரே நடித்தார், பாகவதரே பாடினார். ஆனால் அந்தப் பாட்டுகளை எழுதிய பாபநாசம் சிவனுக்கு இந்தப் பட்டியலில் எங்கேயும் இடம் இல்லை. எழுதியவனுக்கென்று ஒரு கட்டமே கிடையாது! கட்டம் போடவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். போட்டார்கள். ஒரு வாரத்தில் அது நிரம்பியும் விட்டது. பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் கண்ணதாசன். 1959-ல் இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு ஏதோ கொஞ்சம். மருதகாசிக்கும், உடுமலை நாராயணகவிக்கும், தஞ்சை ராமையாதாஸுக்கும், கா. மு. ஷெரீப்புக்கும் அதுவும் இல்லை. கண்ணதாசன் பெரிய கவி. அடுத்தவர் பாட்டை வாங்கி அவர் தோளில் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயஸ்தர்கள். பாடியவர் பெயர் தொலைந்துபோயிருந்தால் வேறொரு புகழ்பெற்ற புலவர் தலையில் கட்டவில்லை. பாட்டிலிருந்தே ஓர் அழகான தொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்தவர்கள். அங்கே பாட்டு எழுதியவனுக்குப் பெயர் கொடுத்தது. இங்கே எழுதியவன் பெயரைப் பாட்டு விழுங்கிக்கொண்டிருக்கிறது.

ஊகத்தில் எழுதிய பெயர்களையெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டேன். பல படங்களின் எழுத்து வரிசையில் நாலைந்து கவிஞர்களின் பெயரைச் சேர்த்துப் போட்டார்களே ஒழிய, யார் எதை எழுதினார் என்று சொல்லவில்லை. சொல்லியிருப்பது சில பாட்டுப் புத்தகங்களில்தான். அவை இரண்டணாவுக்கு வாங்கியவர்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அந்த இளைஞரை அனுப்பி, புத்தகத்தைக் கசக்காமல் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுகிறேன்.