முனை உடைந்த வேல்

ஔவை என்றதும் கோலூன்றிய கிழவிதான் நம் கண்முன் வருகிறார். 1953-இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்து நிலைநிறுத்திய உருவம் அது. ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர். புறநானூற்று ஔவையோ போர்க்களத்தின் ஓரத்தில் வாழ்ந்த விறலி. 89-ஆம் பாட்டில் பகை மன்னன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி என்றே விளிக்கிறான். இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம் அந்த இளம்பெண்ணைத்தான் மேடையேற்றியது.

அந்த ஔவை தூது வந்த இடம் தொண்டைமானின் அவை. தொண்டையர் தலைநகர் காஞ்சி. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக வந்தவரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினான். அங்கே பிறந்தது 95-ஆம் பாட்டு. இந்தச் செய்தியைச் சொல்வது பாட்டின் அடிக்குறிப்புதான். பாட்டுக்குள் காஞ்சியும் இல்லை, தூதும் இல்லை, இரு மன்னர்களின் பெயரும் இல்லை. இருப்பவை இரண்டு வகை வேல்கள் மட்டுமே.

இங்குள்ள வேல்களை ஔவை நிதானமாகப் பார்க்கிறார். மயில்தோகை அணிந்திருக்கின்றன, மாலை சூடியிருக்கின்றன, காம்பு திருத்தமாக இருக்கிறது, நெய் பூசியிருக்கிறது, காவல் மிக்க அகன்ற அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூடப் பொய் இல்லை. தொண்டைமான் மகிழ்ந்து தலையாட்டியிருப்பான்.

அடுத்துத் தங்கள் நாட்டு வேல்களுக்கு வருகிறார். அவை பகைவரைக் குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றனவாம். இங்கே அகன்ற மாளிகை, அங்கே சின்னக் கொட்டில். இங்கே பூண்டது, பூசியது; அங்கே குத்தியது, உடைந்தது. காஞ்சித் தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வை போடுவார்கள். இணைந்த இடத்தில் பிரிக்க முடியாது. இந்தப் பாட்டில் புகழும் ஏளனமும் அப்படித்தான் பிணைந்திருக்கின்றன. கோபித்துக்கொள்ளத் தொண்டைமானுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காது.

இதோடு முடித்திருந்தால் இது கெட்டிக்காரப் பேச்சு. ஔவை முடிக்கவில்லை. யாருடைய வேல் என்று சொல்லும் முன் சோற்றுக்குத் திரும்புகிறார். இருந்தால் கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதை எல்லாரோடும் சேர்ந்து உண்பவன், ஏழைகளின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். ஆயுதக் கொட்டிலில் நின்றுகொண்டு இதை ஏன் சொல்ல வேண்டும்? பந்தியில் கூட உட்கார்ந்து உண்ணும் தலைவனுக்காக ஊரே களத்துக்கு வரும். அதைவிடப் பெரிய படைக்கணக்கு எது?

கடைசி நயம் இன்னும் நுட்பமானது. நடுவில் முனை சிதைந்தது என்று சொன்ன அதே வேலை, பாட்டின் முடிவில் கூர்முனை வேல் என்கிறார். முரண் இல்லை. கொல்லன் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறான் என்பதே செய்தி. ஒன்பது அடிக்குள் வேல் உடைந்து, உலைக்குப் போய், மறுபடி கூராகிவிடுகிறது.

பின்னாளில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையெடுப்பில் தகடூர் வீழ்ந்தது. அதியமானை இழந்த ஔவை பாடிய 235-ஆம் பாட்டிலும் வேலும் சோறும் சேர்ந்தே வருகின்றன. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, புலவர் நாவில் போய்ப் பாய்ந்தது என்று அழுகிறார். காஞ்சியில் ஒரு மன்னனுக்கு எச்சரிக்கையாகச் சொன்ன உறவு, இங்கே இழப்பின் அளவாகிவிட்டது.

சங்க நூல்களில் ஔவை பெயரில் 59 பாடல்கள் உள்ளன. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த இரண்டையாவது அடுத்தடுத்துப் படியுங்கள்: முதலில் 95, பிறகு 235. போரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த கவி, வீரத்தை அளந்த கோல் சோற்றுப் பங்கீடுதான் என்பது விளங்கும்.