தனி வீரரும் மறைந்துபோன சபையும்
(சிறுவர் நூல்களில் நீதிப் போராட்டம் குறித்து ஓர் ஆய்வு)

சிறுவர்க்கென எழுதப்பட்ட படநூல்களை இறையியல் இதழொன்றின் பக்கங்களில் ஆராய்வது தகுமோ என ஐயுறுவோர் நம்மிடையே இருக்கக்கூடும். ஆயினும் ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை கேட்கும் கதைகளே பிற்காலத்தில் அப்பிள்ளையின் இறையியலுக்கு அடித்தளமாகின்றன என்பதை ஆயர் பணியில் இருப்போர் அறிவர். இறையியல் கல்லூரியில் நாம் கற்பிப்பவை யாவும் அந்த அடித்தளத்தின் மீதே கட்டப்படுகின்றன. சில வேளைகளில் அதன் மீது மோதி உடைந்தும் போகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் சிறுமியின் கதையைச் சொன்னேன். 1960ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், ஆறு வயதே நிரம்பிய அக்கறுப்பினச் சிறுமி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதுவரை வெள்ளையர்க்கே உரியதாயிருந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள், மத்திய அரசின் காவலர்கள் சூழ நடந்து சென்றாள். வெளியே திரண்ட கூட்டம் அவளை வசைபாடியது. அவளோ அக்கூட்டத்தாருக்காக ஜெபித்தாள். கதை முடிந்ததும் பிள்ளைகள் அமைதியாயிருந்தனர். பின் வரிசையிலிருந்த ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, “ஐயா, அங்கே நின்று திட்டினவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்களா?” என்று கேட்டான். போவார்கள் என்று சொன்னேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் கையிலிருந்த படநூலிலும் அதற்கு விடை இல்லை.

அவ்வினாவை மனத்தில் இருத்தியே, அநீதியை எதிர்த்து நின்றோரைப் பற்றிச் சிறுவர்க்காக அமெரிக்காவில் எழுதப்பட்ட நூல்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுக் கதைகளாகச் சொல்வனவும் பெரும்பாலும் இவற்றிலிருந்து பிறந்தவையே.

முதலாவது, எல்லாரும் அறிந்த ரோசா பார்க்ஸின் கதை. அது வழக்கமாகச் சொல்லப்படும் முறை இது: ஏழைத் தையற்காரப் பெண்ணொருத்தி நாள் முழுதும் உழைத்துக் களைத்துப் பேருந்தில் அமர்ந்தாள், வெள்ளையருக்கு இடம் விடும்படி ஓட்டுநர் சொன்னான், கால் வலித்ததால் அவள் எழவில்லை, அதனால் ஒரு பெரிய போராட்டம் தோன்றிச் சட்டம் மாறியது. ஹெர்பர்ட் கோல் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், 1995இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில், இக்கதையைப் பாடநூல்களும் சிறுவர் நூல்களும் எவ்வாறு திரித்துள்ளன என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் கண்டதை நாமும் காண இயலும்.

உண்மையில் 1955 டிசம்பர் 1ஆம் நாள் கைதானபோது பார்க்ஸ் அம்மையாருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் மான்ட்கமரி கிளையில் பல்லாண்டு செயலராகப் பணியாற்றியவர் அவர். அவ்வாண்டின் கோடையில்தான் டென்னசியிலுள்ள ஹைலாண்டர் பள்ளிக்குச் சென்று, இனப் பாகுபாட்டை ஒழிக்கும் வழிகள் பற்றிய பயிற்சியும் பெற்றிருந்தார். அன்று தம் உடல் வழக்கத்தைவிடக் களைத்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே சலித்துப்போயிருந்தேன் என்னும் பொருள்பட அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் கைதான அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை, கண்விழித்துத் துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் படியெடுத்தார். மறுவாரம் திங்களன்று தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தனர். ஆலயங்களில் கூட்டங்கள் நடைபெற்றன. காணிக்கை திரட்டி மாற்று வண்டிகள் ஓட்டப்பட்டன.

கால் வலியின் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெறும் வரலாற்றுப் பிழையன்று. கால் வலியின் கதையில் சபை மறைந்துபோகிறது. எதிர்ப்பு என்பது ஒருவருக்கு எதிர்பாராமல் ஒரு நாள் நேரிடுவது, அதற்கு ஆயத்தமோ தோழமையோ வேண்டியதில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அது ஒருவகை அற்புதக் கதை. ஆனால் திருமறையின் அற்புதங்கள் அவ்வாறு நிகழ்வனவல்ல. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் பார்வோனின் கட்டளைக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் இருவர். அவ்விருவர் பெயரையும் திருமறை எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பார்வோனின் பெயரையோ எழுதவில்லை.

தனி வீரர் கதையால் மறைக்கப்பட்டவர்களுள் முதல்வர் கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே, 1955 மார்ச் 2ஆம் நாள், அதே நகரில் அதே காரணத்துக்காகக் கைதான பதினைந்து வயதுப் பள்ளி மாணவி அவர். அவரை முன்னிறுத்திப் போராடத் தலைவர்கள் தயங்கினர். வயது குறைவு, உணர்ச்சிவசப்படுபவர் என்றனர். பின்னர் அவர் மணமாகாமலே கருவுற்றதும் அத்தயக்கம் உறுதியாயிற்று. ஆனால் பேருந்துச் சட்டத்தை 1956இல் வீழ்த்திய வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களுள் இவரும் ஒருவர். பிலிப் ஹூஸ் இவரை நேரில் கண்டு பேசி எழுதிய நூல் 2009இல் வெளிவந்து, இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்க தேசிய நூல் பரிசைப் பெற்றது. இதனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நல்லோர் அணியிலும் மதிப்புக்குரியவர் யார், அல்லாதவர் யார் என்னும் கணக்கு நடந்தது என்பதை இந்நூல் இளையோரிடம் மறைக்கவில்லை. ஆயர்களாகிய நாம் அக்கணக்கை நன்கறிவோம்.

சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்ல இயலுமா என வினவலாம். இயலும் என்பதற்கு நிக்கி ஜியோவானி எழுதி, பிரையன் காலியர் படம் வரைந்து, 2005இல் வெளிவந்த ‘ரோசா’ என்னும் படநூலே சான்று. சில பக்கங்களே உள்ள அந்நூலில் ஜோ ஆன் ராபின்சனும் அவருடைய தோழியரும் இரவில் கூடிச் செய்த வேலைக்கு இடம் இருக்கிறது. கூட்டத்தை வரைந்தாலும் பிள்ளைக்குக் கதை குழம்புவதில்லை.

இனி ரூபியின் கதை. உளநோய் மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் அக்காலத்தில் அச்சிறுமியைச் சந்தித்துப் பேசி வந்தவர். அவர் எழுதிய படநூல் 1995இல் வெளிவந்தது. ஒரு நாள் காலையில் கூட்டத்தின் நடுவே ரூபி நின்றுவிடுகிறாள். அவள் உதடுகள் அசைவதைச் சன்னல் வழியே கண்ட ஆசிரியை, அவள் கூட்டத்தாரோடு பேசுகிறாள் என எண்ணுகிறார். அவளோ, வழியில் செய்ய மறந்துபோன ஜெபத்தை அங்கே நின்று செய்கிறாள். அந்த ஜெபத்தோடு கதை முடிகிறது. இதைப் படித்துக் கண்ணீர் விடாத ஆயர் இருப்பாரோ என ஐயுறுகிறேன். நானும் விட்டேன். ஆனால் மறுமுறை படித்தபோது ஒரு கலக்கம் எழுந்தது.

ஸ்தேவானும் தன்னைக் கல்லெறிந்தோருக்காக ஜெபித்தான். ஆனால் அவன் ஜெபம் அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட வசனங்களில் அவன் அவர்களுடைய குற்றத்தையும் அவர்கள் முன்னோரின் குற்றத்தையும் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தான். கடிந்துரைத்த வாயே மன்னிப்பையும் வேண்டியது. ஆறு வயதுப் பிள்ளை அத்தகைய உரையை நிகழ்த்த வேண்டும் என எவரும் எதிர்பாரார். அதை நிகழ்த்த வேண்டிய கடமை கதையை எழுதும் பெரியவருக்கு உண்டு. ரூபியின் தந்தை வேலை இழந்தார். மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுத அவள் பாட்டனாரும் பாட்டியும் அந்நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அவள் ஓராண்டு முழுதும் பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியையோடு தனியே ஒரு வகுப்பறையில் இருந்தாள். இவற்றுள் சிலவற்றைத் தொட்டுச்செல்லும் கோல்ஸ், எதிலும் தங்குவதில்லை. அவருடைய ரூபி எப்போதும் அமைதியாயிருக்கிறாள்.

1999இல் ரூபி பிரிட்ஜஸே எழுதிய ‘என் கண்களின் வழியே’ என்னும் நூலில் வேறொரு பிள்ளையைக் காண்கிறோம். உணவில் நஞ்சு கலப்பேன் என்று ஒரு பெண் நாள்தோறும் மிரட்டினாள். மற்றொருத்தி கறுப்புப் பொம்மையைச் சவப்பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்து காட்டினாள். அப்பொம்மை கனவிலும் வந்து ரூபியை அச்சுறுத்தியது. அவள் உண்ண மறுத்தாள்; வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை வகுப்பறை அலமாரியில் ஒளித்துவைத்தாள். இவ்வளவு அச்சத்தின் நடுவே ஏறெடுக்கப்பட்டது அந்த ஜெபம் என அறியும்போதே அதன் விலை நமக்குப் புலப்படுகிறது. அமைதியே உருவான பிள்ளையைப் படிப்பவர் வியக்கலாம். ரொட்டியை ஒளித்த பிள்ளையின் அருகிலோ அச்சமுள்ள எந்தப் பிள்ளையும் சென்று அமர முடியும்.

இளஞ்சிறார்க்காக ரூபி எழுதிய இன்னொரு சிறு நூலின் மீது 2021இல் டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் பெற்றோர் அமைப்பொன்று முறையீடு செய்தது. சினங்கொண்ட வெள்ளையர் கூட்டத்தை அந்நூல் காட்டுகிறது என்பது ஒரு குறை; முடிவில் மீட்பு இல்லை என்பது மற்றொரு குறை. மாநிலக் கல்வித்துறை நடைமுறைக் காரணங்காட்டி அம்முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் மீட்பு என்னும் சொல் நம்முடையது; அதை இவ்விடத்தில் கண்டு வெட்கினேன். குற்றத்தை அறிக்கையிடாமலே மீட்பைக் கேட்பதைத்தான் போன்ஹாஃபர் மலிவான கிருபை என்றார். கோல்ஸின் நூல் ஜெபத்தோடு முடிகிறது. இவர்களோ கூட்டமே இல்லாத முடிவை வேண்டுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. எனினும் முன்னதை மட்டும் கேட்டு வளர்ந்தவர் பின்னதைக் கேட்பது வியப்பன்று.

இத்தகைய முடிவை மறுக்கும் நூல் ஒன்று உண்டு. மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதி, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ என்னும் புதினம் அது. இடியின் உருட்டொலியை நோக்கி என் கதறலைக் கேள் என வேண்டும் தலைப்பு. 1933ஆம் ஆண்டில் மிசிசிப்பியில் சொந்த நிலம் வைத்திருந்த லோகன் என்னும் கறுப்பினக் குடும்பத்தின் கதையை ஒன்பது வயதுச் சிறுமி கேசி சொல்கிறாள். தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. கேசியின் தம்பிக்கு வயது ஆறு. பள்ளியில் முதன்முதலாக அவன் கைக்கு ஒரு பாடநூல் கிடைக்கிறது. அழுக்கேறிய பழைய நூல். புதியது கேட்கிறான், கிடைக்கவில்லை. உள்ளட்டையில் ஒட்டப்பட்ட பட்டியலைப் பார்க்கிறான்: நூல் புதிதாயிருந்தபோது முதலாவது வெள்ளைப் பிள்ளைக்கும், பின் வரிசையாகப் பல வெள்ளைப் பிள்ளைகளுக்கும், கிழிந்து நைந்து இனி ஆகாது என்ற நிலையில் அவன் இனத்துப் பிள்ளைக்கும் கொடுக்கப்பட்ட விவரம் அதில் இருக்கிறது. அவன் நூலை எறிந்துவிட்டு அதன் மேல் மிதிக்கிறான், அடி வாங்குகிறான். அதே பள்ளியில் ஆசிரியையான அவன் தாய் பிள்ளையைத் தண்டிக்கவில்லை. அப்பட்டியல்களின் மேல் தாளை வெட்டிப் பசைதடவி ஒட்டுகிறாள். பின்னர் அடிமைமுறையின் வரலாற்றை உள்ளபடி கற்பித்ததற்காக வேலையை இழக்கிறாள்.

இந்நூலில் எதிர்ப்பு ஒரு நாள் நிகழ்ச்சியன்று. கொடியவரின் கடையைப் புறக்கணிக்க அக்குடும்பம் அண்டை வீட்டாரைத் திரட்டுகிறது. சிலர் அஞ்சி விலகுகின்றனர், அவர்களை ஆசிரியர் இழிவுபடுத்துவதில்லை. பிள்ளைகளின் சினம் தவறான வழியிலும் செல்கிறது: தங்கள் மேல் சேற்றை வாரி இறைக்கும் வெள்ளையர் பள்ளிப் பேருந்தைக் கவிழ்க்கச் சாலையில் பள்ளம் தோண்டுகின்றனர், பின்பு இரவெல்லாம் நடுங்குகின்றனர். முடிவில் டி.ஜே. என்னும் சிறுவனைக் கூட்டம் தூக்கிலிட முனைகையில், கேசியின் தந்தை தம் பருத்திப் பயிருக்கே தீ வைத்து அதைத் தடுக்கிறார். கயிற்றினின்று தப்பிய அவனைச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. அவனை அவ்வளவாக விரும்பாத கேசி அவனுக்காகவும் நிலத்துக்காகவும் அழுகிறாள். அத்துடன் நூல் நின்றுவிடுகிறது. துயரம் மிகுந்ததென்று இதை ஒதுக்குவோரிடம், புலம்பல் என்னும் ஆகமம் நம் திருமறையில் ஏன் இருக்கிறது எனக் கேட்க வேண்டியிருக்கிறது.

பின் வரிசைச் சிறுவனுக்கு நான் பட்ட கடன் இன்னும் நிற்கிறது. வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கு வெளியே திட்டியோர் பலர் ஆலயத்துக்குப் போனவர்களே. ஆனால் அதே நாள்களில் லாய்ட் ஃபோர்மன் என்னும் வெள்ளை மெதடிஸ்ட் ஆயர் ஒருவர், தம் ஐந்து வயது மகள் பாமின் கையைப் பிடித்து, அதே கூட்டத்தின் ஊடே அதே பள்ளிக்கு நடந்து சென்றார். அவர்களும் வசைமொழி கேட்டனர். அப்பள்ளிக்குத் தொடர்ந்து பிள்ளைகளை அனுப்பிய வெள்ளையர் சிலர் இருந்ததை ரூபியின் நூல் மறவாமல் குறிக்கிறது. ஃபோர்மனையும் மகளையும் நடுவில் வைத்து எழுதிய படநூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ரூபியாக நடக்க வேண்டியவர்களும் பாமாக நடக்க வேண்டியவர்களும் ஒரே பாயில் அமர்ந்து கதை கேட்கும் சபைகள் நமக்கு உண்டு. அவர்களுள் சிலர் வீட்டாருக்குக் கல்லறைத் தோட்டம் வேறாக இருக்கிறது. அவ்விடத்தில் ரூபியின் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒரு பாதிப் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் மறுபாதிக்கு இரக்கத்தையும் கற்பித்தவனாவேன்.

அடுத்த விடுமுறைப் பள்ளிக்கு அதே சபையார் அழைத்திருக்கிறார்கள். இம்முறை இரு பிள்ளைகளின் கதையையும் சேர்த்தே சொல்ல எண்ணியிருக்கிறேன். படம் இல்லை, ஆதலின் கரும்பலகையில் நானே வரைய வேண்டியிருக்கும்.