நாலு செற்றுக்கு ஒரு தவில்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. முகூர்த்தம் முடிந்து பந்தியில் இருந்தபோது, அன்றைக்கு வாசித்த தவில்காரர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து ஊர் விசாரித்தார். இணுவில், தவில்தான் தொழில் என்றேன். எந்த செட் என்று கேட்டார். சொந்தச் செற் ஒன்று, கூப்பிட்டால் இன்னும் மூன்று நாலு செற்றோடும் வாசிப்பேன் என்றேன். "அப்ப நிரந்தரமா ஒரு எடம்னு இல்லீங்களா? எங்க பக்கம் கைக்கு வேலை இல்லாதவங்கதான் அப்படி அலைவாங்க" என்றார். சாப்பிடும் இடத்தில் வாதாடுவது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தவில்காரரின் தொழிலையே அந்தச் சொல் தாழ்த்திவிட்டது. பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி. இதுதான் இரண்டு கரையிலும் ஒரு செற். அங்கே பெயரெடுத்த தவில்காரர் ஒருவரை வேறொரு நாதஸ்வரக்காரர் தன் கச்சேரிக்கு அழைத்தால் 'ஸ்பெஷல் தவில்' என்று அழைப்பிதழில் தனியாகப் போடுவார்கள். நாங்கள் அவ்வளவு பெரிதாகச் சொல்வதில்லை. "மச்சான், இண்டைக்கு இரவு எங்களோட நில்லும்" என்று போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அழைப்பிதழில் பெயர் வருவதில்லை என்பதற்காக வாசிப்புக் குறைந்துவிடுமா? நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளையும் ஒரே நாதஸ்வரத்துக்கு மட்டும் வாசித்துவிட்டுப் போனவர்களா? பல பெரிய நாதஸ்வரங்களுக்குத் தோள் கொடுத்துத்தான் அவர்களின் கை அப்படிப் பேசியது. தஞ்சாவூரில் பெருமையாக இருக்கும் காரியம் யாழ்ப்பாணத்தில் மட்டும் அலைச்சல் ஆவது எப்படி?

எங்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஒரு கோயிலின் மணி ஓய முதல் அடுத்த கோயிலின் மணி கேட்கும் ஊர்கள் இவை. பத்து நாள் திருவிழா, பன்னிரண்டு நாள், பதினைந்து நாள், நல்லூர் என்றால் 25 நாள். பங்குனியில் தொடங்கினால் புரட்டாதி வரை கொடியேற்றமும் தேரும் தீர்த்தமும்தான். அதிலும் தீர்த்தத்தைப் பூரணையிலோ அமாவாசையிலோ உத்தர நட்சத்திரத்திலோ வைப்பது வழக்கம். தீர்த்தம் ஒரே நாளில் வந்தால் முதல்நாள் தேரும் ஒரே நாளில் வரும். சித்திரைப் பூரணைக்கு முந்திய காலையில் எத்தனை தேர் வீதியில் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேருக்கு மேளம் இல்லாமல் முடியாது. செற்றுகளோ அந்த அளவுக்கு இல்லை. அப்போது ஒரு செற்றிலுள்ள இரண்டு தவிலும் பிரிந்து, ஆளுக்கொரு கோயிலில் வேறு ஆட்களோடு நிற்பதுதான் ஒரே வழி.

நாளைக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுவதில்தான் இந்தப் பிழைப்பின் பாடு முழுவதும் இருக்கிறது. காலையில் ஓர் ஊரில் வசந்தமண்டபப் பூசை முடித்து, சுவாமி வீதி சுற்றி இருப்புக்கு வந்ததும் தவிலை உறையில் போட்டு மோட்டார்சைக்கிளில் கட்டுவோம். பகலில் கொஞ்சம் படுத்தெழும்பி, விரல் கூடுகளைப் பார்த்து, நைந்ததை மாற்றிக்கொண்டு, பின்னேரம் வேறு ஊர், வேறு செற். அழைப்பவர் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ மனைவியின் அண்ணனாகவோ இருப்பார். எங்கள் செற்றுகள் பெரும்பாலும் உறவுக்குள்தான். வெளியாருக்கு "நாள் இல்லை" என்று சொல்லலாம். மாமாவுக்குச் சொன்னால் அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்த நாளை இன்னொருவர் கூடுதல் பணம் சொன்னாலும் மாற்றுவதில்லை என்பது நான் கண்டு வளர்ந்த ஒழுக்கம். மாற்றியவரை மறுவருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் தூரம்தான் சுமை. மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து பெங்களூர், பிறகு கேரளத்துக் கோயில் ஒன்று என்று இரவு பஸ்ஸிலும் ரயிலிலுமே பாதி உறக்கம் போகிறது அவர்களுக்கு. அங்கே பிழைப்பைத் தீர்மானிப்பது கலியாண முகூர்த்தங்கள். நான் கண்ட முகூர்த்தங்கள் அதிகாலையில் முடிந்துவிட்டன. ஒன்பது மணிக்கெல்லாம் தவில்காரர் அடுத்த ஊருக்குப் புறப்படலாம். எங்கள் பக்கம் தாலி கட்ட முற்பகல் ஆகிவிடும், ஐயர் கை காட்டும்வரை கெட்டிமேளத்துக்குக் கழியைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அன்றைய பகல் அதோடு சரி. மார்கழியில் இரண்டு நாட்டிலும் கலியாணம் இல்லை. ஆடியில் எங்களுக்கு ஓய்வில்லை, மாவிட்டபுரமும் நல்லூரும் இருக்கின்றன.

அங்கே உள்ள ஒரு வசதியை ஒத்துக்கொள்கிறேன். அறநிலையத்துறைக் கோயில்களில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் சம்பள வேலை உண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவில் ஒரு பாடம். பழனியில் தேவஸ்தானமே பள்ளி வைத்து நடத்துகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையும் தகப்பனின் கையும்தான் பள்ளி. ஆனால் சம்பளம் கொடுக்கும் நாட்டில்தான் பூசை நேரத்துக்கு மின்சார மேளம் தானாக அடிப்பதையும் நான் பார்த்தேன். அந்தப் பொறி எங்கள் கோயில்களுக்கும் வந்துவிட்டது, மறைக்கவில்லை. என்றாலும் நான் வாசிக்கும் கோயில்களில் திருவிழா மேளத்தை அது இன்னும் தொடவில்லை. தொடவும் விடமாட்டார்கள். ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒரு குடும்பம் உபயம். தங்கள் நாளுக்கு நல்ல மேளம் பிடிப்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை.

அந்த மானத்திலிருந்து பிறந்ததுதான் மேளச்சமா. இரண்டு செற், நாலு செற் என்று ஒரே இரவில் பிடித்து, சுவாமிக்கு முன்னால் மாறி மாறி வாசிக்க வைப்பார்கள். சனம் மணலில் இருந்து விடிய விடியக் கேட்கும். தவில் தனி தொடங்கினால் கச்சான் விற்பவரும் கூடையை வைத்துவிட்டு வந்து நிற்பார். நேற்று நான் யாரோடு வாசித்தேனோ அவரே இன்று எதிர்ச் செற்றில் இருப்பார். என் கோர்வை எங்கே முடியும், எந்த நடையில் நான் தடுமாறுவேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரின் சங்கதி எனக்கும் தெரியும். பழைய சரக்கை எடுத்தால் அங்கேயே பிடித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு சமாவுக்கும் புதிதாக எதையாவது கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நாலு செற்றில் வாசிப்பவருக்குக் கை தேய்ந்துபோகும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை அறியாதவர்கள். தமிழ்நாட்டில் இப்படி வீதியில் மோதும் மேளங்களை நான் கேட்கவில்லை; நான் கேட்டவை கலியாண மேளங்களும் சில புறப்பாடுகளும். மல்லாரி நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் கேட்பவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீதியில் தவிலுக்கு முன்னால் கதைப்பவரைப் பக்கத்தில் நிற்பவரே அடக்கிவிடுவார்.

செற் மாறி வாசிப்பதில் வேறொரு பயிற்சியும் இருக்கிறது. ஒரு நாதஸ்வரக்காரர் இராகத்தை நீட்டி நீட்டி எடுப்பார், தவில் பொறுத்திருக்க வேண்டும். இன்னொருவர் இரண்டு பிடியில் கீர்த்தனைக்குள் இறங்கிவிடுவார். வேறொருவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாம் ஒரு தீர்மானம் வைத்துக் கொடுத்தால்தான் அடுத்த சங்கதிக்குத் தெம்பாக வருவார். சோடித் தவிலும் இரவுக்கிரவு மாறும். ஒத்திகைக்கு நேரம் ஏது? தேங்காய் உடைக்கும் இடைவெளியில் நாலு சொல்லைத் தத்தகாரத்தில் சொல்லிக்கொண்டு, மிச்சத்தைக் கண்ணால் பேசிக்கொள்வோம். ஒரே செற்றில் ஒரே சோடியோடு இருபது வருடம் வாசித்தவருக்கு இது வராது என்று சொல்லவில்லை. அது எங்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

1995 ஒக்ரோபரில் போருக்கு அஞ்சி வலிகாமமே ஒரு இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது செற்றுகளும் சிதறின. நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம். போன இடத்துக் கோயில்களில் யார் இருந்தார்களோ அவர்களைச் சேர்த்து வாசித்தோம். அளவெட்டியும் இணுவிலும் கோண்டாவிலும் ஒரே செற்றில் நின்ற காலம் அது. இன்று லண்டன், சுவிஸ், ரொறன்ரோ கோயில்கள் எங்கள் ஆட்களைக் கோடை காலத்தில் அழைத்துக்கொள்கின்றன. அவர்களின் கோடைதான் எங்கள் திருவிழாக் காலம். போனவரின் இடத்தில் இருப்பவர்தான் நிற்க வேண்டும்.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அந்த மனிதர் தமிழ்நாட்டுக்குப் போய் நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளையிடம் பயின்றார். பிறகு அந்த நாட்டு நாதஸ்வர வித்துவான்களே அவரைத் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் வித்தையின் வேர் காவிரிக் கரையில் இருக்கிறது என்பதை நாங்கள் ஒருநாளும் மறுக்கவில்லை. அதே வேரிலிருந்து எங்கள் மண்ணில் வளர்ந்தது காவிரிக் கரைக்கே போய் வாசித்துக் காட்டியது என்பதையும் அங்குள்ளவர்கள் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டு வித்துவான்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆனியிலோ ஆடியிலோ ஒருமுறை வந்து, ஒரு மேளச்சமாவை விடியும்வரை இருந்து கேளுங்கள். எங்களூர் உபயகாரருக்கும் ஒரு வேண்டுகோள். மேளத்துக்குக் கொடியேற்றத்துக்கு முதலே சொல்லி வையுங்கள். நேரம் குறிக்கும்போது தவில்காரர் அன்று காலை எந்தக் கோயிலில் நின்றார், இரவு சாப்பிட்டாரா என்பதைக் கேட்டுவிட்டுக் குறியுங்கள். நோட்டீஸில் நாதஸ்வரத்தின் பெயரோடு அன்று வாசிக்கும் இரண்டு தவிலின் பெயரையும் போடுங்கள்.